எடைமேடை

காலை ஆறரைக்கு முதல் லாரி வரும்.
வெறும் வண்டி ஒருமுறை, பார வண்டி ஒருமுறை,
கழித்தால் சரளை.
சஃபோக்கின் இந்தக் குழிவாசலில்
பத்தொன்பது வருடம்
கழித்தல்தான் என் சம்பளம்.

ராய்ஸ்டன் கீபிள் வண்டியில் எப்போதும்
அரை டன் கூடுதலாக நிற்கும்.
"ஈரம், டோரீன்" என்பான்.
மழையே பார்க்காத ஜூலையிலும்
ஈரம்தான்.

குழியை மூடப்போகிற வருடம்
ஹெஸ்டர் தர்லோ வந்தாள்:
ஒரு கொத்துக்கரண்டி, செடிக்குத் தெளிக்கும் குப்பி,
காகிதத்தில் சுற்றிய முட்டை சாண்ட்விச்.
தெற்குச் சுவரில் ஆறு மீட்டர் அகலத்துக்குச்
சுரண்டிக்கொள்ள அனுமதிக் கடிதம்.
என்னிடம் நீட்டிக் கையெழுத்துக் கேட்டாள்,
மலைக்கே நான் பட்டாதாரி போல.

மூன்று மணிக்குத் தேநீர் கொண்டுபோனேன்.
என் ஜன்னலுக்கு முதுகு காட்டியே நின்ற சுவரை
அன்றைக்குத்தான் முகம் பார்த்தேன்.

மேலே சாம்பல் களிமண்,
அதில் சுண்ணாம்புத் துண்டுகள் கடைவாய்ப் பல்லாய்:
பனிப்பாறை மென்று துப்பியது.
அடியில் ஒரு சாண் செம்மண்:
பனி வருமுன் வெயில் காய்ந்த தரை.
அதற்கும் அடியில் சரளை.
மீன் செதிலாய் ஒன்றன்மேல் ஒன்று படுத்து
எல்லாக் கல்லும் மேற்கே சரிந்து,
தண்ணீர் வந்த திசைக்கு.

"தேம்ஸ்" என்றாள்.
சிரித்துவிட்டேன்.
தேம்ஸ் லண்டனில் ஓடுகிறது, எழுபது மைல் தள்ளி.
"இப்போது" என்றாள்,
தண்ணீரைத் தெளித்துக்கொண்டே.
நனைந்த இடத்தில் கற்கள் நிறம் காட்டின:
தேன், ஈரல், பால்.

நாலரை லட்சம் வருடத்துக்கு முன்னால்
வடக்கே இருந்து பனி வந்து மறித்ததாம்.
ஆறு எதிர்த்து நிற்கவில்லை,
தெற்கே ஒதுங்கிப் போய்விட்டது,
படுத்த பாயைச் சுருட்டாமல்.

சாம்பல்பச்சையில் ஒரு கல்லை என் கையில் வைத்தாள்.
வேல்ஸில் ஏதோ எரிமலை கக்கியது,
இவ்வளவு தூரம் உருண்டு வந்தது.
அலுவலகத்துக்குப் போனதும் தபால் தராசில் வைத்தேன்.
பழக்கதோஷம்.
நூற்றுப் பதினொரு கிராம்.

அன்றிரவு பேரேடுகளைக் கூட்டினேன்.
முப்பத்து நான்கு லட்சம் டன்.
புறவழிச்சாலைக்குப் போனது,
பன்றிக்கொட்டில் தளங்களுக்கு,
ஒரு சிறையின் மதிலுக்கு,
என் சமையலறைத் தரைக்கு, ஊழியர் விலையில்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆற்றையே அளந்து போட்டிருக்கிறேன்,
மூன்று பிரதி ரசீதோடு.
அடுப்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு
கொஞ்ச நேரம் நின்றேன்.
குளிர்ந்தது. சிமெண்ட் குளிரத்தானே செய்யும்.

இப்போது லாரிகள் பாரமாக வந்து
வெறுமையாகத் திரும்புகின்றன.
மெத்தை, கறுப்புப் பை, குழந்தை நாற்காலி,
யாரோ வாசிக்கக் கற்றுக்கொண்டு விட்ட அக்கார்டியன்.
அதே மேடை, அதே நான்,
கழிக்கும் பக்கம் மட்டும் மாறிவிட்டது.
டன்னுக்கு இத்தனை பவுண்டு என்று
இந்த முறை கட்டுவது ராய்ஸ்டன்.
"மழையில நனைஞ்ச குப்பை, டோரீன்,
ஈரத்துக்குமா காசு?"

நாளைக்கு எவளாவது கரண்டியோடு வந்து
எங்கள் படிவத்தைச் சுரண்டுவாள்.
செம்மண்ணுக்கு மேல் களிமண்,
களிமண்ணுக்கு மேல் நாங்கள்.
எந்தத் திசைக்குச் சரிந்திருக்கிறோம் என்று
அவள் சொல்லட்டும்.

கவுன்சில் அந்தச் சுவரை விட்டுவைத்தது.
சுற்றிலும் கம்பிவேலி, நடுவில்
ஆறு மீட்டர் ஆறு.

ஏப்ரலில் தகைவிலான்கள் வந்துவிட்டன.
மணல்பட்டையில் வரிசையாக வளை தோண்டுகின்றன.
ஆகஸ்ட் வரை ஹெஸ்டரும் தொடக்கூடாது, சட்டம்.
பின்னங்காலால் அவை தள்ளித் தள்ளி விடும் மணல்
வேலிக்கு இந்தப் பக்கம்
சின்னக் கூம்பாகச் சேர்ந்திருக்கிறது.
தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன்.
குத்துமதிப்பாக நாலு கிலோ இருக்கும்.
ஈரம் போக.